மூக்குத் தண்டில் மேடு, நுனி தொங்கல், கூடவே அடைப்பு: ஃபில்லர் போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

தை_வெள்ளி (இழையைத் தொடங்கியவர்)

கேஸ் இதுதான். 26 வயசுப் பெண். மூக்குத் தண்டு நடுவுல ஒரு மேடு. சிரிச்சா நுனி இறங்கி மேலுதட்டைத் தொடப் பாக்குது. இடது துளையில எப்பவும் பாதி அடைப்பு. தையில கல்யாணம், இப்போ ஆவணி.

ஸ்கின் கிளினிக்ல "ஒரு சிரிஞ்ச் ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியால ஏத்துற ஜெல்), கால் மணி நேரம், பிடிக்கலைன்னா கரைச்சிடலாம்"ங்கிறாங்க. இ.என்.டி. டாக்டர் "மூக்கு நடுச்சுவரோட சேர்த்து ஆபரேஷன், ஒரே தடவையில முடிஞ்சிடும்"ங்கிறார். அவங்கவங்க கடைச் சரக்கைத்தான் அவங்கவங்க காட்டுறாங்களோன்னு ஒரு சந்தேகம். விஷயம் தெரிஞ்சவங்க பிரிச்சுச் சொல்லுங்க. "எனக்கு இப்படி நடந்துச்சு" கதை வேண்டாம், அது யூடியூப்ல ஏற்கெனவே நிறைய இருக்கு.

---

நாசித்தண்டு

நீங்கள் ஒரு மூக்கு என்று எழுதியிருப்பது மூன்று தனித்தனிக் குறைகள். மூன்றுக்கும் காரணம் வேறு.

மேடு: தண்டின் மேல்பகுதி எலும்பு, அதற்குக் கீழே குருத்தெலும்பு. இரண்டும் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் மேடு வரும். நுனி இறங்குவது: நுனிக் குருத்தெலும்புக்குத் தாங்குசக்தி குறைவு, அதோடு நுனியைக் கீழே இழுக்கும் ஒரு சின்னத் தசை சிரிக்கும்போது வேலை செய்கிறது. அடைப்பு: நடுச்சுவர் வளைந்திருக்கலாம், பக்கச் சதை வீங்கியிருக்கலாம், காற்று நுழையும் வாய்க்கால் குறுகலாக இருக்கலாம்.

ஃபில்லருக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும், கழித்தல் தெரியாது. மேட்டை அது தொடுவதே இல்லை. மேட்டுக்கு மேலே கண்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தையும், கீழே நுனிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தையும் நிரப்பி மட்டமாக்கும். ஸ்பீட் பிரேக்கருக்கு முன்னும் பின்னும் தார் கொட்டி ரோட்டைச் சமப்படுத்துவது மாதிரி. பக்கவாட்டில் நேர்கோடு தெரியும். மூக்கின் மொத்தப் பருமன் கூடியிருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பக்கவாட்டுப் படம் ஒன்றை அச்செடுத்து, மேட்டின் உச்சியைத் தொட்டபடி நெற்றியிலிருந்து நுனிவரை ஸ்கேலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் வரும் மூக்குப் பிடித்திருந்தால் ஃபில்லரைப் பற்றிப் பேசலாம். "ஐயோ, இன்னும் பெரிசா இருக்கே" என்று தோன்றினால், மேட்டைச் சீவிய கோட்டைப் போட்டுப் பாருங்கள். அதுதான் பிடிக்கிறது என்றால் ஊசியைப் பற்றிய பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இடது பக்க அடைப்பை எந்த ஃபில்லரும் திறக்காது.

---

கேமரா_கண்ணன்

ஸ்கேல் வைக்கிறதுக்கு முன்னாடி படம் சரியா இருக்கணும். செல்ஃபியை வெச்சு முடிவெடுக்காதீங்க. 2018-ல வந்த ஒரு கணக்கீடு: 12 அங்குலத்துல எடுத்தா, 5 அடியில எடுத்ததைவிட மூக்கோட அடிப்பகுதி ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாத் தெரியும். கை நீட்டி எடுக்கிற தூரம் அதுதான். இல்லாத குறையைக் காட்டுற கண்ணாடி அது.

ஒன்றரை மீட்டர் தள்ளி நிக்கணும். போன்ல 2 மடங்கு, 3 மடங்கு ஜூம், கேமரான்னா 85-லேர்ந்து 105 மி.மீ. லென்ஸ். அழகாக்குற ஃபில்டர் எல்லாத்தையும் அணைச்சிடணும். காதுத் துளையோட மேல்விளிம்பும் கண்குழியோட கீழ்விளிம்பும் ஒரே மட்டத்துல இருக்கணும். தாடையை லேசாத் தூக்கினாலே நுனி நிமிர்ந்த மாதிரி தெரியும், அதுல ஏமாந்தவங்க ஏராளம். நேர், ரெண்டு பக்கம், ரெண்டு முக்கால் பக்கம், தலையைச் சாய்ச்சு கீழேயிருந்து ஒண்ணு. இந்தக் கேஸ்ல சிரிச்சபடி பக்கவாட்டுல ஒண்ணு கட்டாயம்.

---

ஊசிமுனை

ஃபில்லர் போடும் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள் சரி, அளவு சரி, இடம் சரி என்றால் மூக்கில் ஃபில்லர் நல்ல வேலை செய்யும். சின்ன மேடு, ஆழமான மூக்கு வேர் (கண்களுக்கு நடுவில் மூக்கு தொடங்கும் இடம்), பழைய அடியில் விழுந்த சிறு பள்ளம், இதெல்லாம் பொருத்தமான கேஸ்கள்.

மருந்து ஹயலூரானிக் அமில ஜெல் மட்டும். அதிலும் உதட்டுக்குப் போடும் இளகலான வகை ஆகாது. வைத்த இடத்தில் நிற்கும் கெட்டியான ஜெல் வேண்டும். கால்சியம் ஹைட்ராக்ஸி அபடைட் வகையைக் கரைக்க மருந்து கிடையாது, அதனால் மூக்குக்கு நான் வேண்டாம் என்பேன். திரவ சிலிக்கான், பி.எம்.எம்.ஏ. போன்ற நிரந்தரச் சரக்கு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஆசை புதிதல்ல. 1900 வாக்கிலேயே வியன்னா அறுவை மருத்துவர் கெர்சூனி வாசலின் போன்ற பாரஃபினை உருக்கி ஊசியால் ஏற்றத் தொடங்கினார், ஐரோப்பாவில் மூக்குப் பள்ளங்களுக்கு அது பரவியது. பிறகு பாரஃபின் நகர்ந்தது, கட்டி தட்டியது, அந்தக் கட்டிக்குப் 'பாரஃபினோமா' என்று தனிப் பெயரே வைக்க வேண்டியதாயிற்று.

அளவு: பெரும்பாலான மூக்குக்கு 0.3 முதல் 0.6 மி.லி. போதும். ஒரு இடத்தில் ஒரு தடவைக்கு 0.1 மி.லி. தாண்டக் கூடாது. "ஒரு சிரிஞ்ச்" என்றால் 1 மி.லி.; அதை முழுக்கக் காலி செய்துவிட வேண்டும் என்று நினைப்பவரிடம் மூக்கைக் கொடுக்காதீர்கள். மீதியைக் குப்பையில் போடும் மனசு இருக்க வேண்டும்.

ஆழம்: எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் ஒட்டினாற்போல், நடுக்கோட்டில். முக்கிய இரத்தக் குழாய்கள் அதற்கு மேல் அடுக்கில், தோலை ஒட்டி ஓடுகின்றன. ஊசி மேலே வர வர ஆபத்து கூடும். மெதுவாக, அழுத்தமில்லாமல் செலுத்த வேண்டும். நான் சிபாரிசு செய்வது 25 கேஜ் மழுங்கல்முனைக் கேனுலா (ஊசிக்குப் பதிலான மெல்லிய குழல்; கேஜ் எண் கூடக் கூட மெலியும்). 27-க்கு மேலே போகும் மெல்லிய கேனுலா பேருக்குத்தான் மழுங்கல், குழாயை ஊசி மாதிரியே துளைக்கும்.

எத்தனை நாள் நிற்கும் என்றால் 9 முதல் 18 மாதம் என்று சொல்லலாம். ஆனால் மூக்கு அசையாத இடம் என்பதால் சிலருக்கு வருடக்கணக்கில் மிச்சம் கிடக்கும். "கரைஞ்சிருக்கும்" என்று நினைத்து வருடாவருடம் மேலே மேலே போட்டால் ஜெல் பக்கவாட்டில் பரவி, தண்டு அகன்று, மூக்கு வேர் நெற்றியோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

---

நாசித்தண்டு

ஊசிமுனை சொன்னதில் பெரும்பாலானதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நடுக்கோடு பாதுகாப்பு' என்பதைப் பாதி உண்மை என்றுதான் சொல்வேன். தண்டின் மேல் ஓடும் தமனி கண் தமனியின் கிளை. பலருக்கு அது ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருக்கும், நடுக்கோட்டைக் கடந்தும் போகும். அதற்குள் ஜெல் அழுத்தத்தோடு நுழைந்தால் இரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு விழித்திரைத் தமனிவரை போய்விடும். ஊசி எடுத்ததும் இரத்தம் அதே ஜெல்லை முன்னே தள்ளும், கண்ணுக்குள். அதற்கு ஒன்றிரண்டு சொட்டு அளவு ஜெல் போதும்.

ஃபில்லரால் பார்வை பறிபோன கேஸ்களை உலகளவில் திரட்டிய 2015 தொகுப்பில் 98 பேர். அதில் புருவ நடு முதலிடம், மூக்கு இரண்டாமிடம். 2019-ல் அதைப் புதுப்பித்தபோது புதிதாக 48 பேர், அதில் பாதிக்கும் மேல் மூக்குப் பகுதி. மூக்கு முதலிடத்துக்கு வந்துவிட்டது. மூக்கு ஃபில்லர் பரவலானதன் விலை அது.

நுனியில் போடுவது இன்னும் மோசம். அங்கே தோல் இறுக்கம், இடம் குறைவு. குழாய்க்குள் போகாமல் வெளியே நின்றாலும் அழுத்தியே இரத்தத்தை நிறுத்திவிடும். ஏற்கெனவே மூக்கு ஆபரேஷன் ஆனவர்களுக்கு அபாயம் பல மடங்கு: குழாய்கள் இடம் மாறியிருக்கும், தழும்பு அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கும், ஊசி வந்தால் விலகிக்கொள்ளாது.

---

ஊசிமுனை

> மூக்கு முதலிடத்துக்கு வந்துவிட்டது

உண்மை. ஆனால் உலகம் முழுக்கப் போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது அபூர்வம்தான் டாக்டர். ஆபரேஷனில் திருப்தி இல்லாமல் இரண்டாம் முறை மேஜை ஏறுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பேர் என்று உங்கள் தரப்பே சொல்கிறது. அதையும் தராசில் வையுங்கள். நுனியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, நானும் அங்கே போடச் சொல்ல மாட்டேன்.

---

தியேட்டர்_விளக்கு

ரெண்டு டாக்டரும் சண்டை போடட்டும், நான் டிரே பக்கம் நின்னு சொல்றேன்.

ஃபில்லர் போடப் போற இடத்துல கேக்க வேண்டிய முதல் கேள்வி: "ஹயலூரானிடேஸ் (ஜெல்லைக் கரைக்கிற நொதி) எத்தனை குப்பி இருக்கு?" 1500 யூனிட் குப்பி ஒண்ணு இருக்குன்னா அது பேருக்கு இருக்கு. இரத்தக் குழாய்ல அடைப்பு வந்தா இப்போ பின்பற்றுற முறையில, இரத்தம் போகாத ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 500 யூனிட், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நிறம் திரும்புற வரைக்கும். மூக்கும் மேலுதடும் சேர்ந்து போச்சுன்னா மூணு தடவையிலயே 3000 யூனிட் காலி. வாங்கியாறோம்னு மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்புற நேரம் இல்லை அது.

அடைப்பு எப்படித் தெரியும்? ஊசி போட்ட உடனே தோல் வெள்ளை வெளேர்னு வெளுக்கும். நம்ம மாநிறத்துல அந்த வெளுப்பு சுலபமாக் கண்ணுக்குத் தெரியாது, அதனால விரலை நம்பணும். நுனியையும் மூக்கு மடலையும் அஞ்சு வினாடி அழுத்திட்டு விடுங்க. ரெண்டு வினாடிக்குள்ள பழைய நிறம் வரணும். நாலு வினாடி ஆகியும் வரலைன்னா சந்தேகம். வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஊசிக்கு முன்னாடியே ஒரு தடவை பார்த்து வெச்சிருந்தா இன்னும் நல்லது. சில மணி நேரத்துல வலை பின்னின மாதிரி ஊதா நிறக் கோடு வரும். ரெண்டாம், மூணாம் நாள் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம். அதைப் பருன்னு நினைச்சு கிரீம் தடவிக்கிட்டு வீட்ல உக்காந்தா, அடுத்தது கறுத்துப் போன தோல்.

வலியை மட்டும் நம்பாதீங்க. ஜெல்லோட லிடோகெய்ன் கலந்து வருது, வலியை மறைச்சிடும்.

பார்வை மங்குது, ஒரு கண்ணுல திரை விழுந்த மாதிரி இருக்கு, கண்ணுக்குப் பின்னாடி குத்துது, வாந்தி வருது, இமை தொங்குது, இதுல எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் கேக்காம நேரா கண் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. ஃபில்லர் போட்ட நேரத்தைச் சொல்லுங்க, குப்பியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டுங்க. அந்த ஸ்டிக்கர்ல பேரும் பேட்ச் நம்பரும் இருக்கும். ஊசி போட்ட அன்னைக்கே அதைக் கேட்டு வாங்கி ஃபைல்ல ஒட்டிக்கணும். தர மாட்டேன்னா அங்க போடாதீங்க.

---

தை_வெள்ளி

அப்போ "பிடிக்கலைன்னா கரைச்சிடலாம்"ங்கிறது பொய்யா?

---

ஊசிமுனை

பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஜெல் கரையும். வடிவம் பிடிக்காத குறைக்கு அது சரியான மருந்து. ஒரு நாள், ரெண்டு நாளில் இறங்கிவிடும். ஆனால் செத்த தோலும் போன பார்வையும் அதனால் திரும்பாது. 'கரைக்கலாம்' என்பதை 'ஆபத்தில்லை' என்று காதில் வாங்கிக்கொள்வதுதான் கோளாறு.

இன்னொன்று: தேனீ கொட்டி உடம்பெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேனீ விஷத்தில் இதே நொதி இருக்கிறது. சாவகாசமாகக் கரைப்பதென்றால் முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பார்க்கலாம். இரத்தம் நின்ற அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை.

சிரிக்கும்போது நுனி இறங்குவதற்கு மட்டும் எங்களிடம் வேறு ஒரு கைவேலை உண்டு. இழுக்கும் அந்தத் தசைக்கு, துளைகளுக்கு நடுவிலுள்ள தூணின் அடியில், 2 முதல் 4 யூனிட் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி மருந்து). மூன்று, நான்கு மாதம் நிற்கும். கூடினால் மேலுதடு தொங்கும், சிரிப்பு மாறிவிடும். கல்யாணப் படத்தில் அது வேண்டாம் என்றால் நான்கு மாதத்துக்கு முன்பே ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும்.

---

நாசித்தண்டு

ஆபரேஷன் என்றால் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் கேஸை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அடைப்பைச் சோதிக்க வேண்டும். ஆக்ஸிமெடாசொலின் சொட்டு விட்டு 10, 15 நிமிடம் கழித்து மூச்சு நன்றாகத் திறந்தால் குறை பெரும்பாலும் சதை வீக்கத்தில். அலர்ஜிக்கு முதலில் ஸ்டீராய்டு ஸ்பிரே. (அந்தச் சொட்டை நாலைந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், அதுவே அடைப்பைக் கொண்டு வரும்.) சொட்டுக்கு அசையவில்லை என்றால் நடுச்சுவர். கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுக்கும்போது மூச்சு சட்டென்று திறந்தால் காற்று வாய்க்கால் குறுகல். மூன்றும் கலந்தும் இருக்கும்.

திறந்த முறையில் துளைகளுக்கு நடுவிலுள்ள தூணில் ஒரு சிறு வெட்டு, நேர்கோடாக இல்லாமல் தலைகீழ் 'வி' மாதிரி. நேர்கோடு சுருங்கினால் பள்ளமாகத் தெரியும், வளைந்த கோடு மறைந்துவிடும். மூடிய முறையில் எல்லா வெட்டும் உள்ளேயே. நுனியில் வேலை நிறைய என்றால் திறந்த முறைதான் கைக்கு வசதி. முழு மயக்கம், இரண்டு மூன்று மணி நேரம். இரத்தம் குறைய 1:1,00,000 அட்ரினலின் கலந்த மருந்தை முன்னதாகவே ஏற்றிவிட்டுக் காத்திருப்போம்.

மேட்டின் குருத்தெலும்புப் பகுதியைக் கத்தியாலும், எலும்புப் பகுதியை உளியாலோ அரத்தாலோ சீவி எடுக்கிறோம். எடுத்த உடனே தண்டின் உச்சி கூரை பிரித்த வீடு மாதிரி திறந்து கிடக்கும். அதை மூட இரண்டு பக்க எலும்பையும் மெல்லிய உளியால் பிளந்து உள்ளே சாய்க்க வேண்டும். எலும்பை உடைக்கிறார்கள் என்று மக்கள் பயப்படும் கட்டம் இதுதான். இதைத் தவிர்த்தால் பக்கத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும், எதிரில் நின்று பார்த்தால் தண்டு பட்டையாகத் தெரியும்.

அடுத்து நடுச்சுவர். வளைந்த துண்டை எடுக்கும்போது தண்டின் ஓரமும் முன்னோரமும் குறைந்தது 10 மி.மீ. அகலத்துக்கு 'எல்' வடிவில் நிற்க வேண்டும். அதுதான் உத்தரமும் தூணும். அதைச் சுரண்டினால் சில வருடத்தில் தண்டு சேணம் மாதிரி உட்கார்ந்துவிடும். எடுத்த துண்டு வீணாகாது. இரண்டு சிறு பட்டைகளாக நறுக்கி நடுச்சுவருக்கு இரு பக்கமும் செருகுவோம். ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்று பெயர். அது வாய்க்காலை விரித்து வைக்கும். மூன்றாவது ஒரு துண்டைத் தூணுக்குள் நிறுத்தி நுனியைத் தூக்குவோம். பெண்களுக்கு மேலுதட்டுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட கோணம் 95 முதல் 110 பாகை வரை இயல்பு. குள்ளமானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். உயரமானவர்களுக்கு அதே கோணம் வைத்தால் எதிரில் நிற்பவருக்கு நேரே துளைதான் தெரியும்.

நடுச்சுவரில் குருத்தெலும்பு போதாவிட்டால் காது, அதுவும் போதாவிட்டால் விலா. தென்னிந்திய மூக்குகளில் தோல் தடிப்பாகவும் நுனிக் குருத்தெலும்பு மெலிவாகவும் இருப்பது சகஜம். அதனால் "நுனியைச் சின்னதாக்கு" என்றால் வெட்டி எடுப்பது பலிக்காது, உள்ளே கட்டி நிமிர்த்துவதுதான் பலிக்கும். தடித்த தோலுக்குள் சின்ன எலும்புக்கூட்டை வைத்தால் தோல் சுருங்கி மேலே ஒட்டாது, இடைவெளியில் தழும்பு நிரம்பிக் கிளிமூக்காக வளைந்துவிடும்.

---

தியேட்டர்_விளக்கு

டாக்டர் தையலோட நிறுத்திட்டார், அதுக்கப்புறம் வீட்ல என்னன்னு நான் சொல்றேன்.

முன்னாடி: ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்தணும். இதயத்துக்காகவோ வேற நோய்க்காகவோ டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு நிறுத்துங்க. சாப்பாட்டுல போடுற பூண்டுக்குத் தடை இல்லை.

மூணு நாள் கண்ணைச் சுத்தி வீங்கும், கறுக்கும். தலைக்கு ரெண்டு தலையணை, நெத்தியிலயும் கன்னத்துலயும் ஐஸ், மூக்கு மேல வேண்டாம். ஒரு வாரம் மூக்கு மேல கட்டுப் பலகை, அஞ்சாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள தூண் தையல் பிரிப்பாங்க. பலகையை எடுத்ததும் கண்ணாடி பார்த்து அழுறது வழக்கமா நடக்கிறது. நுனி பன்னிமூக்கு மாதிரி தூக்கி வீங்கி நிக்கும், அது இறங்கும். ரெண்டு வாரத்துல கறுப்பு போயிடும். மூக்குல நிக்கிற கண்ணாடி ஒன்றரை மாசம் கிடையாது. பவர் அதிகமுள்ள கண்ணாடி போடுறவங்க அதை நெத்தியில டேப் போட்டுத் தொங்கவிடலாம். மூணு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும்.

எதுக்கு ஓடி வரணும்? ரெண்டு பக்கமும் சேர்ந்து திடீர்னு அடைச்சு, வலி கூடி, காய்ச்சல் அடிச்சா நடுச்சுவர்ல இரத்தம் கட்டியிருக்கலாம். அன்னைக்கே வடிக்கணும். மூணு, நாலு நாள் விட்டா குருத்தெலும்பு அழுகி தண்டு உட்கார்ந்திடும். இன்னொண்ணு, அஞ்சாம் நாளுக்கு மேல பொருக்கு உரியும்போது திடீர்னு இரத்தம் கொட்டும். தலையை முன்னாடி குனிஞ்சு மென்மையான பகுதியைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நிக்கலைன்னா கிளம்புங்க.

---

பில்_கவுண்டர்

காசு விஷயம் ரெண்டு வரி. நம்ம ஊர்ல ஃபில்லர் ஒரு சிரிஞ்ச் சுமாரா 20,000-லேர்ந்து 40,000 ரூபாய்க்குள்ள; ஆபரேஷன் ஊரையும் கைராசியையும் பொறுத்து லட்சத்தை ஒட்டி ஆரம்பிச்சு ரெண்டரை வரைக்கும் போகும். ஃபில்லரை மறுபடி மறுபடி போட்டா நாலஞ்சு வருஷத்துல ஆபரேஷன் காசைத் தாண்டவும் கூடும்.

இன்சூரன்ஸ்: அழகுக்காகச் செய்யுறது விலக்குப் பட்டியல்ல இருக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கிறது வேற கணக்கு. மூச்சுத் தடைக்காக நடுச்சுவர் ஆபரேஷன்னா பெரும்பாலும் பாலிசியைப் பொறுத்துக் கிடைக்கும், அதுக்கு எண்டோஸ்கோபி ரிப்போர்ட், ஸ்கேன், எத்தனை நாள் மருந்து எடுத்தும் சரியாகலைங்கிற சீட்டு எல்லாம் வேணும். ரெண்டும் ஒரே நாள்ல நடந்தா பில்லைத் தனித்தனியாப் பிரிக்கச் சொல்லுங்க. அழகுப் பகுதிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், மருத்துவ சேவைக்கான விலக்கு அதுக்குக் கிடையாது. முழுசையும் 'நடுச்சுவர்'னு எழுதித் தர்றோம்னு யாராவது சொன்னா சந்தோஷப்படாதீங்க. க்ளெய்ம் தள்ளுபடியானா மாட்டிக்கிறது பாலிசிதாரர்.

---

தை_வெள்ளி

எல்லாருக்கும் நன்றி. இப்போ நேரக் கணக்கு. தைக்கு அஞ்சு மாசம் இருக்கு. இப்போ ஆபரேஷன் பண்ணினா முகூர்த்தத்துக்கு மூக்கு தயாராகுமா?

---

நாசித்தண்டு

தண்டு தயாராகும், நுனி ஆகாது. அஞ்சு மாதத்தில் வீக்கத்தில் பெரும்பகுதி இறங்கியிருக்கும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. ஆனால் தடித்த தோலில் நுனி முழுதாக இறங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். காலையில் ஒரு மூக்கு, மாலையில் ஒரு மூக்கு. விடியற்காலை முகூர்த்தம், உப்பும் தூக்கமின்மையும் சேர்ந்தால் வீக்கம் படத்தில் நிற்கும். அதைவிட முக்கியம், குறை ஏதாவது நின்றுவிட்டால் ஒரு வருடத்துக்கு முன் திருத்தத் தொட மாட்டோம். என் கருத்து: இப்போது அடைப்புக்கு மருந்து, ஆபரேஷன் கல்யாணத்துக்குப் பிறகு, வேலையிலும் வீட்டிலும் மூன்று வாரம் ஒதுக்க முடிகிற நேரத்தில்.

---

ஊசிமுனை

அதுவரைக்கும் மூக்கு வேரில் மட்டும் 0.2 மி.லி. போட்டு மேட்டை மறைத்துக்கொள்ளலாமே? கார்த்திகைக்குள் போட்டால் வீக்கமும் காயமும் மார்கழிக்குள் அடங்கிவிடும்.

---

நாசித்தண்டு

கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆபரேஷன் உறுதி என்றால் எனக்கு அது பிடிக்காத வழி. போட்ட ஜெல்லை ஆபரேஷனுக்கு முன் கரைக்க வேண்டும், கரைத்தபின் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மிச்சம் கிடந்தால் எந்த உயரம் எலும்பு, எந்த உயரம் ஜெல் என்று மேஜையில் குழப்பம். சில மணி நேரப் படங்களுக்காக, சின்னதோ பெரிதோ, கண்ணைப் பணயம் வைப்பதா என்பதைப் பெண்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கும் சொல்லக் கூடாது, மாப்பிள்ளை வீடும் சொல்லக் கூடாது.

---

கேமரா_கண்ணன்

மேடு மட்டும்தான் உறுத்துதுன்னா போட்டோகிராபர்கிட்ட நேர்ப் பக்கமும் முக்கால் பக்கமும் எடுக்கச் சொல்லுங்க, முகத்துக்கு நேரா விளக்கு. முழுப் பக்கவாட்டுப் படத்தை ஆல்பத்துல யாரும் தேட மாட்டாங்க. செலவு இல்லை.

---

தை_வெள்ளி

சொன்னதைக் காட்டினேன். ஃபில்லர் வேண்டாம், ஆபரேஷனை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ங்கிறா. கடைசியா ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி மூக்கு குத்தணும்னு பெரியவங்க சொல்றாங்க. அடுத்த வருஷ ஆபரேஷனுக்கு அது இடைஞ்சலா?

---

தியேட்டர்_விளக்கு

இடைஞ்சல் இல்லை, இப்பவே குத்தினா. புண் முழுசா ஆற நாலு மாசம், சிலருக்கு ஆறு மாசம்கூட ஆகும். ஆவணியில குத்தினாத்தான் தையில கல்லு மூக்குத்தி போட முடியும். மார்கழியில குத்தி தையில மாத்தினா சீழ் பிடிக்கும். துப்பாக்கி மாதிரி டொக்குனு அடிக்கிறது வேண்டாம், அது சதையை நசுக்கும். சுத்தமான புது ஊசியால குத்தச் சொல்லுங்க. மடலோட கீழ்ப்பகுதியில குருத்தெலும்பு கிடையாது, வெறும் கொழுப்பும் நாரும்தான். அங்க குத்தினா சீக்கிரம் ஆறும். மேலே ஏத்திக் குத்தினா குருத்தெலும்புல சீழ் பிடிக்கும் அபாயம், அது மடலையே உருக்குலைச்சிடும்.

ஆபரேஷன் அன்னைக்கு மூக்குத்தி கண்டிப்பா கழட்டணும். உள்ள வீங்கினா திருகாணி சதையில புதைஞ்சிடும், அதோட கரண்ட்ல இரத்தக் குழாயைச் சுடுற கருவி இருக்கிற மேஜையில உடம்புல உலோகமே கூடாது. எப்போ திரும்பப் போடலாம்னு அறுவை பண்ணினவர்தான் சொல்லணும், சில வாரம் ஆகும். ஓட்டை தூர்ந்திடுமோன்னு கவலைன்னா அதை முன்னாடியே அவர்கிட்ட சொல்லி வெச்சிடுங்க. திருகாணி துருப்பிடிச்சுச் சுத்தாம நின்னுச்சுன்னா வீட்லயே பொற்கொல்லரைக் கூப்பிட்டு முந்தின வாரமே எடுத்துடுங்க. மேஜையில படுக்க வெச்சப்புறம் கட்டிங் பிளேயரைத் தேட முடியாது.